மூன்று பக்கம் பிரிக்க ஆண்டுச் சந்தா எதற்கு?

கேள்வி: அம்மாவின் சிகிச்சை ஆவணங்கள் எல்லாம் ஒரே பிடிஎஃப் கோப்பாக, 46 பக்கத்துக்கு வந்திருக்கின்றன. காப்பீட்டுக்காரர்கள் டிஸ்சார்ஜ் சம்மரி தனியாக, பில் தனியாக வேண்டும் என்கிறார்கள். கம்ப்யூட்டர் கடையில் விசாரித்தால், பக்கம் பிரிக்கிற மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா கட்டித்தான் ஆக வேண்டும் என்கிறார். வாங்கிவிடட்டுமா?
– வாசகி, சத்துவாச்சாரி

பதில்: வேண்டாம், அந்தப் பணத்தை மருந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலைக்குத் தேவையானது உங்கள் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கிறது.

கோப்பை குரோம் உலாவியில் திறங்கள். பிரின்ட் கொடுங்கள். பிரின்டர் பெயர் வருகிற இடத்தில் 'சேவ் அஸ் பிடிஎஃப்' என்று மாற்றுங்கள். அதற்குக் கீழே 'பேஜஸ்' என்ற இடத்தில் 'ஆல்' என்று இருக்கும். அதை 'கஸ்டம்' ஆக்கி, வேண்டிய எண்களை 9-12 என்றோ 9, 11, 30 என்றோ தட்டுங்கள். சேமித்தால் அந்தப் பக்கங்கள் மட்டும் புதுக் கோப்பாக வந்துவிடும். பழைய கோப்பு அப்படியே இருக்கும், அதற்கு ஒன்றும் ஆகாது.

ஒரு இடத்தில் மட்டும் பலரும் சறுக்குகிறார்கள். சென்ற மாதம் என் அண்ணிக்கு இதே வேலையைச் செய்து கொடுத்தேன். டிஸ்சார்ஜ் சம்மரியின் அடியில் 'பக்கம் 1' என்று அச்சாகியிருந்தது. ஆனால் அந்தக் கோப்பில் அது ஒன்பதாவது பக்கம். அண்ணி 1 முதல் 4 வரை என்று கொடுத்திருந்தார். கையில் கிடைத்தது அட்மிஷன் படிவமும் இரண்டு ரத்தப் பரிசோதனை முடிவுகளும். தாளில் அச்சான எண்ணைப் பார்க்காதீர்கள். உலாவியின் மேல்பட்டையில் 9/46 என்று காட்டுகிறதே, அந்த எண்தான் கணக்கு.

கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலானோர் வைத்திருக்கும் இலவச அக்ரோபேட் ரீடரில் பக்கம் பிரிக்கும் பொத்தானை அழுத்தினால், பணம் கட்டும் பக்கத்துக்குத்தான் கொண்டுபோகும். அதைப் பார்த்தே எல்லோரும் வேறு வழி இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். பிடிஎஃப் வடிவத்தை அடோபி நிறுவனம் 1993-இல் கொண்டுவந்தது உண்மைதான். ஆனால் 2008-இல் அது சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் பொதுத் தரமாகிவிட்டது. அதைத் திறக்கவும் பிரிக்கவும் யார் வேண்டுமானாலும் மென்பொருள் எழுதலாம். எழுதி இலவசமாகவும் கொடுக்கிறார்கள்.

ஆண்ட்ராய்டு போனிலும் இதே வழிதான்: கோப்பைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் பிரின்ட், பிறகு 'சேவ் அஸ் பிடிஎஃப்', பக்க எண்.

கேள்வி: கைலி வியாபாரம் செய்கிறேன். ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து மாதா மாதம் எல்லா பில்லும் சேர்த்து 90, 100 பக்கத்தில் ஒரே கோப்பாக வருகிறது. ஒவ்வொரு பார்ட்டிக்கும் அவரவர் பில்லை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றாக பிரின்ட் கொடுத்து எடுத்தால் ஒரு நாள் போய்விடுகிறது.
– வாசகர், குடியாத்தம்

பதில்: உங்களுக்கு பிடிஎஃப்சாம் பேசிக் என்ற மென்பொருள் போதும். இலவசம், மூல நிரல் திறந்தது, உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே வேலை செய்வது. அதில் 'ஸ்ப்ளிட்' பகுதியில், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கோப்பு, அல்லது இரண்டு பக்கத்துக்கு ஒரு கோப்பு என்று சொல்லிவிட்டால் 90 பில்லும் ஒரே மூச்சில் தனித்தனியாகி விழும். நிறுவும்போது பணம் கட்டும் இன்னொரு பதிப்பையும் சேர்த்துப் போடட்டுமா என்று கேட்டால், அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

பில்கள் சில ஒரு பக்கம், சில மூன்று பக்கம் என்று இருந்தால் இது சரிப்படாது. அப்போது ஆடிட்டர் அலுவலகத்திடமே, கோப்பு உருவாக்கும்போது பில்லுக்கு ஒரு புக்மார்க், அதாவது கோப்புக்குள் ஒரு அடையாளக் குறி, வைத்துத் தரச் சொல்லுங்கள். புக்மார்க் இருக்கும் இடங்களில் வெட்டவும் அதே மென்பொருளுக்குத் தெரியும்.

கேள்வி: 1984-இல் பதிவான எங்கள் பாகப்பிரிவினைப் பத்திரத்தை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோம், 22 பக்கம். வீட்டுக் கடனுக்காக, சொத்து விவரம் உள்ள பக்கத்தை மட்டும் முதலில் மெயிலில் அனுப்பச் சொல்கிறார் வங்கி மேலாளர். இணையத்தில் இலவசமாகப் பிரித்துத் தரும் தளங்கள் நிறைய இருக்கின்றனவே, அதில் ஏற்றலாமா?
– வாசகர், பாகாயம்

பதில்: ஏற்ற வேண்டாம் ஐயா. உங்களுக்கு வேண்டியது ஒரு பக்கம்தான். ஆனால் அந்தத் தளங்களில் பெரும்பாலானவற்றில், அந்த ஒரு பக்கத்தை எடுக்க 22 பக்கமும் அவர்களுடைய கம்ப்யூட்டருக்குப் போயாக வேண்டும். தாத்தாவின் கையெழுத்து, பாட்டியின் கைரேகை, பங்காளிகள் அத்தனை பேரின் பெயர், சர்வே எண் எல்லாம் அதில் இருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் அழித்துவிடுவோம் என்று சில தளங்கள் வாக்குக் கொடுக்கின்றன. அழித்தார்களா என்று போய்ப் பார்க்க நமக்கு வழியில்லை. கல்யாணப் பத்திரிகை, பள்ளிப் பாடக் குறிப்பு என்றால் தாராளமாக அங்கே பிரித்துக்கொள்ளுங்கள். பத்திரம், ஆதார், வங்கிக் கணக்கு விவரம், மருத்துவ அறிக்கை எதுவும் போகக் கூடாது.

இதே கவனம் பிரவுசிங் சென்டரிலும் வேண்டும். ஒரு கடையில் என் கோப்பைத் தேடும்போது அந்தக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் போல்டரைப் பார்த்தேன். யார் யாருடைய ஆதாரோ, சம்பளச் சீட்டோ, ஒரு பெண் குழந்தையின் பிறப்புச் சான்றிதழோ வரிசையாகக் கிடந்தன. வாட்ஸ்அப் வெப்பில் வந்தவை, பிரின்ட் எடுத்ததும் ஆட்கள் போய்விட்டார்கள், கோப்பு தங்கிவிட்டது. எனக்கு அன்று இரவு தூக்கம் சரியாக வரவில்லை. அதிலிருந்து, கடையை விட்டு வருவதற்கு முன் என் கோப்பை அழிக்கச் சொல்லி, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லி, நின்று பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

உங்கள் பத்திரத்துக்கு குரோம் வழியே போதும். ஆனால் எந்தப் பக்கம் என்பதில் நிதானம் வேண்டும். பதிவான பத்திரத்தில் ஒவ்வொரு தாளிலும் ஆவண எண்ணும், மொத்தம் இத்தனை தாள், இது இத்தனையாவது தாள் என்ற குறிப்பும் இருக்கும். அது தாள் கணக்கு. ஸ்கேனில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று வருவதால் 9-ஆவது தாள் என்பது கோப்பில் 17-ஆவது பக்கமாகவோ 18-ஆவதாகவோ இருக்கும். அடுத்தது, சொத்து விவரம் ஒரே பக்கத்தில் முடிந்துவிடும் என்று நம்பாதீர்கள். சர்வே எண்ணும் விஸ்தீரணமும் ஒரு பக்கத்தில், செக்குபந்தி அடுத்த பக்கத்தில் என்று போவது சகஜம். நான்கு எல்லையும் முடிகிற இடம் வரை எடுங்கள். பாகப்பிரிவினை என்பதால் 'ஏ' ஷெடியூல், 'பி' ஷெடியூல் என்று பல இருக்கும். உங்கள் பங்குக்கு வந்தது எது என்று பார்த்து எடுங்கள்.

பக்கத்தில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்று இருப்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். அந்த மாவட்டம் 1989-இல் பிரிந்தது. அதிலிருந்து வந்த வேலூர் மாவட்டமும் 2019-இல் மூன்றானது. பத்திரம் பதிவான அன்றைக்கு அந்தப் பெயர் சரி.

மற்ற பங்காளிகளின் விவரத்தை மறைக்க நினைத்து, போனில் கறுப்புப் பட்டை வரைந்து அனுப்பாதீர்கள். பிடிஎஃபில் அப்படி வரைந்தால், பல சமயம் அது மேலே போட்ட துணி மாதிரிதான். அடியில் இருப்பது அப்படியே இருக்கும், நகர்த்தினால் தெரிந்துவிடும். அந்தப் பக்கத்தையே விட்டுவிடுவதுதான் பாதுகாப்பு. கடனுக்கான சட்டக் கருத்துக்கு வழக்கறிஞர் கேட்கும்போது மட்டும் முழுப் பத்திரத்தையும் கொடுங்கள். அங்கே ஒரு பக்கம் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்.

கேள்வி: இ-ஆதார் கோப்பைத் திறக்க ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கிறது. பிரின்ட் வழியே சேமித்தால் பாஸ்வேர்டு போய்விடுகிறது. அப்படியே எல்லா இடத்துக்கும் கொடுக்கலாமா?
– வாசகர், காட்பாடி

பதில்: பாஸ்வேர்டோடு சேர்த்து டிஜிட்டல் கையெழுத்தும் போய்விடும். அதைச் சரிபார்க்கிற அலுவலகத்தில் உங்கள் கோப்பு செல்லாது. பக்கத்தைப் பிரித்தாலும் இதே கதிதான். அசல் கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள். முகவரிக்காக மட்டும் கேட்கிற இடத்துக்கு, கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்தே இறக்கிக் கொடுங்கள்.

கேள்வி: பக்கம் பிரிக்க ஒரு ஆப் போட்டேன். மூன்று நாள் இலவசம் என்றது. வேலை முடிந்ததும் ஆப்பை அழித்துவிட்டேன். இரண்டு மாதமாகக் கணக்கிலிருந்து பணம் போகிறது!
– வாசகி, ராணிப்பேட்டை

பதில்: ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. இது நிறையப் பேருக்குத் தெரியாமல் பணம் போகிறது, எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, 'பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' போய், அங்கே ரத்து செய்யுங்கள். யுபிஐ வழியாகக் கட்டியிருந்தால் அந்தச் செயலியின் ஆட்டோபே பட்டியலிலும் நீக்குங்கள். இனி ஒன்றை நினைவில் வையுங்கள்: தானாகப் பணம் எடுக்கும் முன் 24 மணி நேரத்துக்கு முன்னதாகத் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடும் குறுஞ்செய்திகளுக்குள் அது ஒளிந்திருக்கும்.

போன பணத்துக்கு, முதலில் ஆப் நிறுவனத்துக்கு மெயிலில் எழுதுங்கள். சுலபமாகச் சேர்த்துவிட்டு வெளியேறும் வழியை மறைத்து வைப்பதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் 'சந்தா பொறி' என்ற வகையில் தடை செய்திருக்கிறது. மெயிலில் அதைக் குறிப்பிடுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. வங்கிக் கணக்கு விவரத்தில் அந்தப் பணம் போன இரண்டு பக்கத்தை மட்டும் பிரித்துப் புகாரோடு வையுங்கள். எப்படிப் பிரிப்பது என்பது மேலே முதல் பதிலில் இருக்கிறது.