நோட்டீஸ் அடிக்கக்கூட அனுமதி வேண்டுமா?

கேள்வி: ஒரு பிராண்டின் பெயரில் கிளை நடத்தும் உரிமையை (ஃபிரான்சைஸ்) எடுத்து ஒன்றரை வருடமாக ஜிம் நடத்துகிறேன். விளம்பர நிதிக்கென்று மாத விற்பனையில் 2 சதவீதம் தவறாமல் கட்டுகிறேன். ஒரு நோட்டீஸ் மாதிரியைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். மூன்று வாரமாகப் பதிலே இல்லை. சொந்தச் செலவில் அடித்து விநியோகித்துவிட்டேன். இப்போது 'ஒப்பந்த மீறல்' என்று கடிதம் வந்திருக்கிறது. என் பணத்தில் நான் செய்யும் விளம்பரத்தைத் தடுக்க இவர்கள் யார்?

பதில்: மூன்று வாரம் காக்க வைத்துவிட்டு மீறல் கடிதம் அனுப்பினால் யாருக்கும் கோபம் வரும். ஆனாலும், நீங்கள் இணைத்திருந்த நோட்டீஸைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. லோகோவை ஊதா நிறத்துக்கு மாற்றியிருக்கிறீர்கள். அதன் கீழே கொட்டை எழுத்தில், '30 நாளில் 10 கிலோ குறையும், உத்தரவாதம்!' எடை குறையாத ஒருவர் அந்தத் தாளோடு வழக்குக்குப் போனால் உங்களோடு பிராண்டின் பெயரும் இழுபடும். போதாததற்கு, தன் வணிகச் சின்னத்தைப் பிறர் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கண்காணிக்காமல் விட்டால், பல நாடுகளில் அந்தச் சின்னத்தின் மீதான உரிமையே ஆட்டம் காணும். அனுமதி கேட்கச் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

சரி, அந்த மூன்று வார மௌனத்துக்கு என்ன அர்த்தம்? அது உங்கள் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. விளம்பரப் பிரிவைத் திறந்து, குறித்த நாளுக்குள் பதில் வராவிட்டால் 'அனுமதித்ததாகக் கொள்ளப்படும்' என்றிருக்கிறதா, 'மறுத்ததாகக் கொள்ளப்படும்' என்றிருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு சொல்லில்தான் உங்கள் வழக்கே நிற்கிறது. முதல் வகை என்றால், கெடு முடிந்த தேதியைக் காட்டிப் பதில் எழுதலாம். இரண்டாவது என்றால் வாதாடாதீர்கள். மிச்ச நோட்டீஸ்களை நிறுத்திவிட்டு, நிறுத்திய தேதியை எழுத்தில் தெரிவியுங்கள். கடிதத்தில் திருத்திக்கொள்ள அவகாசம் கொடுத்திருப்பார்கள். அதைத் தவறவிட்டால் ஒப்பந்தமே ரத்தாகும் அபாயம் உண்டு.

நீங்கள் கட்டும் அந்த 2 சதவீதம் வேறு விஷயம். அது எல்லாக் கிளைகளுக்குமான பொது விளம்பர நிதிக்குப் போகிறது. கட்டிய அளவுக்கு உங்கள் பகுதியில் செலவழிக்க வேண்டும் என்ற கடமை பெரும்பாலான ஒப்பந்தங்களில் கிடையாது. அமெரிக்காவில் ஃபிரான்சைஸ் விற்குமுன் தரவேண்டிய வெளிப்படுத்தல் ஆவணத்தின் 11வது பகுதியில் இதையெல்லாம் சொல்லியே ஆகவேண்டும். உங்கள் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும், நிதியின் ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

இனி அனுப்பும்போது வெறும் படத்தை மட்டும் அனுப்பாதீர்கள். எங்கே, எந்தத் தேதி முதல் எதுவரை, என்ன சலுகை, அதற்கு என்ன நிபந்தனை, எல்லாம் ஒரே மின்னஞ்சலில் இருக்கட்டும். அவர்களுடைய டெம்ப்ளேட்டிலேயே விலையையும் முகவரியையும் மட்டும் மாற்றினால் பதில் சீக்கிரம் வரும். போனில் 'ஓகே' என்றார்களா? அன்றைக்கே, 'இன்று பேசியபடி அச்சுக்குக் கொடுக்கிறேன்' என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். ஒப்பந்தம் எழுத்துமூல அனுமதி கேட்டால், அதற்கு அவர்கள் பதில் எழுதும்வரை அச்சகத்துக்குப் போகாதீர்கள்.

அப்புறம், ஜிம் பெயரில் நீங்கள் தொடங்கிய இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கும் இதே விதி பொருந்தலாம். கடிதத்துக்குப் பதில் எழுதும்போதே அதற்கும் அனுமதி கேட்டுவிடுங்கள்.