காட்டுக்குள் போகுமுன் ஒரு குழை

"வேறு மதத்தவர்களின் அன்றாடச் சடங்குகளைப் பார்க்கும்போது உங்கள் மனதில் என்ன தோன்றும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் முல்லைத்தீவுப் பக்கம் பிறந்து வளர்ந்தவன். இந்தக் கேள்விக்கு எனக்கு முதலில் நினைவில் வருவது ஒரு பாலைமரம்.

அப்பு தேன் எடுக்கக் காட்டுக்குப் போவார். வயல் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் அந்த மரம் நின்றது. அடியில் சிலையும் இல்லை, சூலமும் இல்லை. அப்பு பக்கத்துச் செடியில் ஒரு குழை, அதாவது இலையோடு ஒரு சின்னக் கொப்பு, முறித்து, மரக்கிளையில் கொழுவிவிட்டு, "ஐயனே, பாத்துக்கொள்" என்பார். அவ்வளவுதான். முந்தி வந்தவர்கள் கொழுவிய குழைகள் காய்ந்து தொங்கும். கரடியும் யானையும் பாம்பும் உள்ள காடு. குழை கொழுவாமல் அப்பு உள்ளே கால் வைத்ததை நான் பார்த்ததே இல்லை.

பல வருடங்கள் கழித்து, மதவாச்சிக்கு அங்கால் ஒரு சிங்கள நண்பரின் ஊருக்குப் போயிருந்தேன். குளம் பார்க்கக் காட்டுப் பாதையால் கூட்டிப்போனார். ஒரு மரத்தடியில் நின்றார். குழை முறித்தார், கொழுவினார், கும்பிட்டார். யாருக்கு என்று கேட்டேன். "ஐயநாயக்க" என்றார். குளத்தையும் காட்டையும் காக்கிற தெய்வமாம். எங்கள் குளக்கட்டு ஐயனார்தான்! எனக்கு உடம்பு சிலிர்த்துப் போனது. அவர் போயா என்கிற பௌர்ணமி நாளில் விகாரைக்குப் போகிற பௌத்தர். புத்தருக்குப் பூ வைப்பதும் ஐயனுக்குக் குழை கொழுவுவதும் அவருக்கு முரணாகவே படவில்லை. நாம் கண்ணகி என்பவளை அவர்கள் பத்தினி தெய்வம் என்பதும் இப்படித்தான். ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்று பாருங்கள். சிங்களச் சாரதிகளும் பஸ்ஸை நிப்பாட்டி, கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டுதான் போவார்கள்.

எல்லாம் இப்படி இதமாகவே இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். 2019இல் எங்கள் முல்லைத்தீவில் உள்ள நீராவியடிப் பிள்ளையார் கோயில் தீர்த்தக் கேணிக்கு அருகே, நீதிமன்ற உத்தரவையும் மீறிப் பௌத்த பிக்குகள் முன்நின்று ஒரு பிக்குவின் உடலை எரித்தார்கள். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு, மரத்தடியில் குழை கொழுவிய என் நண்பரை என்னால் எடைபோட முடியாது. அது இடம் பிடிக்கிற வேலை. இவர் செய்தது காட்டுக்குப் பயந்தவன் செய்வது.

சரி, என் பக்கப் பிழையையும் சொல்லவேண்டும். நாங்கள் சைவம். ஆனாலும் அம்மாவின் சாமித்தட்டில், திருநீற்றுக்குப் பக்கத்தில், ஒரு சின்னப் போத்தலில் மடு மாதா கோயில் மண் இருக்கும். 1670இல் ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையிலிருந்து கத்தோலிக்கர்கள் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனார்கள், அந்த மாதாதான். அந்த மண் இருக்கும் வீட்டில் பாம்பு அண்டாது என்பது இங்கே எல்லோருக்கும் நம்பிக்கை. பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க மாமி ஒவ்வொரு ஆவணித் திருவிழாவுக்கும் போய்க் கொண்டுவந்து தருவார். உயர்தரத்தில் உயிரியல் படித்த திமிரில் ஒருநாள் மாமிக்கு முன்னாலேயே, "மண் விஷத்தை முறிக்குமோ?" என்று சிரித்துவிட்டேன். பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடவேண்டும் என்பது அம்மாவுக்கும் தெரியும், மாமிக்கும் தெரியும். மாமி ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய முகம் மட்டும் வாடியது.

2009இல் போருக்குப் பயந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினோம். சாமித்தட்டும் போத்தலும் போய்விட்டன. மீள்குடியேறித் தகரக் கொட்டிலில் இருந்தபோது மாமி மடுவுக்குப் போய்வந்தார். ஒரு சொப்பின் பையில் முடிந்த மண்ணை அம்மாவின் கையில் வைத்தார். வைக்கப் போத்தல் இல்லை. நான் போய்க் கடையில் ஒன்று வாங்கிவந்து, கழுவிக் காயவைத்துக் கொடுத்தேன்.