முன்பணத்தைத் தர மறுக்கிறார் வீட்டுக்காரர்: ரியூனியனில் சட்டம் யார் பக்கம்?

கேள்வி: நான் புதுச்சேரியைச் சேர்ந்தவள். 2024 அக்டோபர் முதல் 2025 ஏப்ரல் வரை ரியூனியன் தீவில், சேந்த் ஆந்த்ரே ஊர்ப் பள்ளியொன்றில் ஆங்கில மொழி உதவியாளராக வேலை பார்த்தேன். தமிழ் வம்சாவளிக் குடும்பம் ஒன்று தங்கள் வீட்டுப் பின்கட்டை, கட்டில் பீரோவுடன் மாதம் 480 யூரோவுக்கு வாடகைக்குக் கொடுத்தது. ஒப்பந்தம் ஓராண்டுக்கு. முன்பணம் மூன்று மாத வாடகை, 1,440 யூரோ. மார்ச் மாதமே காலி செய்யப்போவதாக வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டு, ஏப்ரல் 30 அன்று சாவியைக் கொடுத்தேன். இப்போது வீட்டுக்காரர், “ஓராண்டு முடியவில்லை, மீதி மாத வாடகைக்கும் புயலில் கெட்டுப்போன கூரைப் பலகைக்கும் மெத்தைக்கும் முன்பணம் சரியாகப் போயிற்று” என்கிறார். அவர் மகனுக்கு நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்ததை வாடகையில் கழிப்பதாகச் சொன்னார், அதுவும் நடக்கவில்லை. தீமிதிக்கு என்னைத் தங்கள் பெண்ணைப் போல அழைத்துப் போன குடும்பம். கடிதம் போடவே கூச்சமாக இருக்கிறது. என்ன செய்யட்டும், அம்மா?

பதில்: கூச்சத்தை ஒதுக்கிவிட்டுக் கடிதம் எழுதுங்கள். உங்கள் பணத்தைக் கேட்பது அந்தக் குடும்பத்தை அவமதிப்பது ஆகாது. ஏழு மாத ஊதியத்தில் மிச்சம் பிடித்த பணம் அது.

முதலில் ஓராண்டுக் கணக்கு. ரியூனியன் பிரான்சின் ஒரு மாவட்டம் என்பதால் 1989 ஜூலை 6 வாடகைச் சட்டம் அங்கும் செல்லும். தட்டுமுட்டுச் சாமான்களுடன் எடுத்த வீட்டை, ஒப்பந்தத்தில் எத்தனை மாதம் எழுதியிருந்தாலும், வாடகைக்கு இருப்பவர் ஒரு மாத முன்னறிவிப்பில் எப்போது வேண்டுமானாலும் விடலாம். எனவே மீதி மாத வாடகையை அவர் கேட்க முடியாது. உங்கள் பக்கம் ஒரு பலவீனம் உண்டு: முன்னறிவிப்பைப் பதிவுத் தபாலிலோ கையெழுத்து வாங்கிக்கொண்டு நேரிலோ கொடுத்திருக்க வேண்டும், வாட்ஸ்அப் போதாது. ஆனால் அவர் அந்தச் செய்திக்குப் பதில் எழுதியிருந்தால், வீட்டைப் பார்வையிட்டுக் கையெழுத்திட்டுச் சாவியை வாங்கியிருந்தால், நீங்கள் போவதை ஒப்புக்கொண்டார் என்றே வாதிடலாம். அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள்.

அடுத்து, முன்பணத்தின் அளவே தவறு. இத்தகைய வீட்டுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அதாவது 960 யூரோதான் உச்சம். மீதி 480 யூரோவை முதல் நாளிலேயே அவர் வாங்கியிருக்கக் கூடாது.

புயல்தான் இதில் சிக்கலானது. 2025 பிப்ரவரி 28 அன்று காரான்ஸ் புயல் தீவின் வடக்கையும் கிழக்கையும் எப்படிப் போட்டு அடித்தது என்பது அங்கே இருந்த உங்களுக்கே தெரியும். வீட்டில் ஏற்படும் சேதத்துக்கு வாடகைக்கு இருப்பவரே பொறுப்பு என்பது பொது விதி. ஆனால் தடுக்க முடியாத இயற்கைச் சீற்றத்தால் வந்தது என்று வாடகைக்கு இருப்பவர் நிரூபித்தால் பொறுப்பு விலகும். நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். புயல் ஓய்ந்ததும் எடுத்த படங்கள், கூரைத் தகரம் பெயர்ந்து மழைநீர் இறங்கியது என்று வீட்டுக்காரருக்கு அன்றே அனுப்பிய செய்தி, பக்கத்து வீட்டாரின் எழுத்துச் சாட்சி ஆகியவற்றைச் சேருங்கள். கூரை அவர் பொறுப்பு. மெத்தையில் நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். கூரை ஒழுகி நனைந்திருந்தால் நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை; ஜன்னல் திறந்து கிடந்து நனைந்திருந்தால் அதன் வயதைக் கழித்துக்கொண்டு ஒரு தொகை கொடுப்பதுதான் நியாயம். எதுவானாலும் ரசீதோ மதிப்பீட்டுச் சீட்டோ இல்லாமல் வாய்க்கணக்கில் அவர் பிடித்தம் செய்ய முடியாது. காப்பீட்டு நிறுவனம் கூரைக்குப் பணம் கொடுத்துவிட்டதா என்றும் கேளுங்கள்.

சாவி கொடுத்த நாளிலிருந்து ஒரு மாதத்தில், வெளியேறும்போது வீட்டின் நிலையைக் குறித்து எழுதிய பதிவில் சேதம் இருந்தால் இரண்டு மாதத்தில், முன்பணம் திரும்ப வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் வாடகையில் 10 சதவீதம், உங்கள் கணக்கில் 48 யூரோ, கூடுதலாக அவர் தர வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: புதிய முகவரியை அவருக்குத் தெரிவிக்காததால் தாமதம் என்றால் அந்தக் கூடுதல் தொகை கிடையாது. புதுச்சேரி முகவரியைக் கொடுத்தீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. கொடுக்கவில்லையென்றால் இன்றே கொடுங்கள்.

டியூஷன் விஷயத்தை இந்தக் கடிதத்தில் எழுத வேண்டாம். நீங்கள் பள்ளியின் ஒப்பந்தத்திலும் அதற்கான விசாவிலும் இருந்தவர். ஊதியத்துக்கு வேறு வேலை செய்ய முன் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாத நிலையில் அதைக் கிளப்பினால், வலுவான வழக்கு பலவீனமாகிவிடும்.

கடிதத்தைப் பிரெஞ்சு அஞ்சல் துறையின் இணையவழிப் பதிவுத் தபாலாகப் புதுச்சேரியிலிருந்தே அனுப்பலாம். தொகை, தேதி, மேற்சொன்ன சட்டம், பதினைந்து நாள் கெடு, உங்கள் வங்கிக் கணக்கு எண் ஆகிய இவ்வளவு போதும். அந்த அம்மாவின் சாப்பாட்டுக்கு நன்றி சொல்லித் தொடங்கினாலும் தவறில்லை. பதில் வராவிட்டால் மாவட்ட வாடகைச் சமரசக் குழுவிடம் போகலாம், கட்டணம் இல்லை. அங்கும் முடியாவிட்டால் நீதிமன்றம். 5,000 யூரோவுக்கு உட்பட்ட வழக்கில் முதலில் சமரச முயற்சி செய்திருக்க வேண்டும் என்பதால் அந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். வழக்கறிஞர் கட்டாயமில்லை. மூன்றாண்டு அவகாசம் இருக்கிறது.

இந்த ஆண்டு போகும் உங்கள் தோழிகளிடம் 2018-இல் வந்த குறுகிய கால வாடகை ஒப்பந்தத்தைக் கேட்கச் சொல்லுங்கள். ஒன்று முதல் பத்து மாதம் வரைக்கானது. தற்காலிகப் பணிக்கு வருகிறவர்களுக்குப் பொருந்தும். அதில் முன்பணம் வாங்கவே சட்டம் அனுமதிக்கவில்லை. நீங்களோ, இந்தப் பணம் வந்து சேரும்வரை பிரெஞ்சு வங்கிக் கணக்கை மூடிவிடாதீர்கள்.