கல்யாணப் பரிசாக மணமக்கள் நோம் பொம்மை ஜோடியைக் குரோஷேயில் பின்னுவது எப்படி?

சிங்கிள் குரோஷே, டபுள் குரோஷே தெரியும், பொம்மை மட்டும் பின்னியதில்லை, தோழியின் கல்யாணத்துக்கு நோம் ஜோடி பின்னித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். நோம் (gnome) என்பது மேற்கத்தியக் கதைகளில் வரும் கூம்புத் தொப்பிக் குள்ள உருவம். முதல் பொம்மையாகப் பின்ன அதைப் போல வசதியானது வேறில்லை. கை கால் வேண்டாம், கண் வாய் வேண்டாம். நீளமான கூம்புத் தொப்பி, அதன் விளிம்புக்குக் கீழே எட்டிப் பார்க்கும் உருண்டை மூக்கு, தாடி அல்லது ஜடை, அவ்வளவுதான். இதில் மாப்பிள்ளை யார், பெண் யார் என்பதைத் தொப்பியும் முடியும்தான் சொல்ல வேண்டும். அதனால் உடம்பைச் சீக்கிரம் முடித்துவிட்டு, மெனக்கெடுவதையெல்லாம் தலைப்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பு இரண்டுக்கும் ஒன்றேதான். மேஜிக் ரிங்கில் (நூல் நுனியை இழுத்தால் இறுகிக்கொள்ளும் தொடக்க வளையம்) 6 சிங்கிள் குரோஷே போட்டு, சுற்றுக்கு 6 கண்ணியாகக் கூட்டி (ஒரே கண்ணியில் இரண்டு போடுவதுதான் கூட்டல்) 36 வரை வாருங்கள். சுற்றுகளைச் சேர்த்து மூடாமல் சுருளாகவே போகலாம். சுற்றின் முதல் கண்ணியில் அடையாளத்துக்கு ஒரு மார்க்கர் கொக்கி இருக்கட்டும். 36 வந்ததும் ஒரு சுற்றைக் கண்ணியின் பின் இழையில் மட்டும் பின்னுங்கள். அங்கே ஒரு மடிப்பு விழும், பொம்மை தட்டையாக உட்காரும். பிறகு ஒன்பது பத்துச் சுற்று நேராகப் போய், பஞ்சு அடைத்துக்கொண்டே குறைத்து (இரண்டு கண்ணியை ஒன்றாகப் பின்னி) மூடிவிடலாம். உச்சி தொப்பிக்குள் மறைந்துவிடும், அது அழகாக இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். அடியில் மட்டும் சின்னத் துணிப்பையில் கண்ணாடி மணிகளைக் கட்டி வையுங்கள். தொப்பி உயரமானது, அடியில் கனம் இல்லாவிட்டால் பொம்மை சாய்ந்துகொண்டே இருக்கும்.

ஊசி விஷயத்தில் ஒன்று. நூலின் லேபிளில் போட்டிருக்கும் அளவைவிட அரை அல்லது ஒரு மில்லிமீட்டர் சின்ன ஊசியை எடுங்கள். கண்ணி இறுக்கமாக விழுந்தால்தான் பஞ்சு வெளியே தெரியாது. மாப்பிள்ளையின் கருப்பு நூலில் இது இன்னும் முக்கியம், வெள்ளைப் பஞ்சு இடுக்கு வழியே புள்ளி புள்ளியாகத் தெரியும். கருப்பில் கண்ணி எது என்று பார்ப்பதும் சிரமம். மடியில் வெளிர்நிறத் துணி ஒன்றை விரித்துக்கொண்டு பின்னினால் கொஞ்சம் தேவலை. என்னைக் கேட்டால், கருப்பை விட்டுவிட்டு அடர் சாம்பலோ கருநீலமோ எடுப்பேன். பெண் பொம்மையின் வெள்ளை வேலையை முதலில் முடித்துவிடுங்கள், கருப்பின் பிசிறு வெள்ளையில் ஒட்டினால் எடுப்பது பெரும்பாடு.

இனி தொப்பி. 6 கண்ணியில் தொடங்கி, ஒன்றுவிட்ட சுற்றில் 3 கண்ணி மட்டும் கூட்டிக்கொண்டு வந்தால் 25வது சுற்றில் 42 கண்ணி கிடைக்கும். இது மெலிந்த, நல்ல உயரமான கூம்பு. கூட்டும் இடங்கள் ஒன்றன்மேல் ஒன்று வந்தால் கூம்பில் முனை முனையாக விளிம்பு எழும், எனவே ஒவ்வொரு முறையும் இடத்தைச் சற்றுத் தள்ளிப் போடுங்கள். மாப்பிள்ளைக்கு உயரமான வட்டத் தொப்பி போட்டுவிடலாமே என்று தோன்றும். நான் அதை விரும்புவதில்லை, கூம்பு போனால் நோம் என்ற அடையாளமே போய்விடுகிறது. அதே கூம்புக்கு ஒரு ரிப்பன் பட்டையும் சின்னப் பூவும் போதும். பெண்ணின் தொப்பிக்கு முக்காட்டு வலை வேண்டும். மெல்லிய நூலில் ஒரு டபுள் குரோஷே, ஒரு செயின் என்று மாற்றி மாற்றிப் போட்டால் வலை வரும், கடையில் வாங்கிய நெட் துணியும் நன்றாகவே இருக்கும். அதை உச்சியில் தைக்காமல் தொப்பியின் பின்புறம் பாதி உயரத்தில் தைத்தால் கூம்பும் தெரியும், வலையும் அழகாக விழும்.

பெண்ணுக்குப் பாவாடை வேண்டுமென்றால், உடம்பின் நடுவில் இன்னொரு சுற்றைப் பின் இழையில் மட்டும் பின்னுங்கள். வெளியே விட்டுப்போகும் முன் இழைகளில், பொம்மையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெள்ளை நூலை இணைத்து, கண்ணிக்கு இரண்டாக டபுள் குரோஷே போட்டால் கொசுவம் வைத்ததுபோல விரியும்.

தாடிக்குப் பருத்தி நூல் வேண்டாம், பிரித்துச் சீவினால் பஞ்சு போலப் பொங்காது. அக்ரிலிக்கோ கம்பளியோ எடுத்து, துண்டுகளை உடம்பின் முன்பக்கக் கண்ணிகளில் முடிச்சுப் போட்டு, நாய் பூனைக்கு முடி சீவும் கம்பிச் சீப்பால் சீவுங்கள். முறுக்கு அவிழ்ந்து மென்மையாகப் பொங்கிவிடும். கத்தரியை நெட்டுவாக்கில் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினால் நுனி இயல்பாகக் குறுகும். தாடி மாப்பிள்ளை உடம்பின் முன்பக்கத்தை மறைத்துவிடும் என்பதால் போ டையை (bow tie) தாடியின் மேலேயே, மூக்குக்குக் கொஞ்சம் கீழே தைத்துவிடலாம். ஜடைகளைத் தொப்பி விளிம்பின் உட்புறம் தைக்க வேண்டும்.

எதையும் உடனே தைத்துவிடாதீர்கள். தாடி, மூக்கு, தொப்பி எல்லாவற்றையும் குண்டூசியில் நிறுத்தி, இரண்டு பொம்மைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தூரத்திலிருந்து பாருங்கள். மூக்கின் மேல்பகுதி தொப்பிக்குள் புதைந்திருந்தால் சாந்தமான முகம், முழுதாக வெளியே வந்துவிட்டால் வெறும் பந்து ஒட்டியது போலிருக்கும். தொப்பிகளை ஒன்றையொன்று நோக்கி லேசாகச் சாய்த்தால் ஜோடி என்று பார்த்ததும் தெரியும். அதற்குத் தொப்பியின் கீழ்ப்பாதியில் மட்டும் பஞ்சு அடைத்து, வளைய வேண்டிய பக்கத்தில் உள்ளே ஒரு நூலோட்டி இழுத்துக் கட்டினால் போதும்.

பேட்டர்ன் வாங்குவதாக இருந்தால் அது அமெரிக்க முறையா பிரிட்டிஷ் முறையா என்று பாருங்கள். அமெரிக்கர்களின் சிங்கிள் குரோஷேயைத்தான் பிரிட்டனில் டபுள் குரோஷே என்கிறார்கள். நான் மேலே எழுதியிருப்பது அமெரிக்க முறை. அப்புறம், பரிசு போகும் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கண்ணாடி மணி, முத்து எதுவும் வேண்டாம், அலங்காரத்தை நூல் எம்பிராய்டரியிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கே தொடங்க வேண்டுமா? மூக்கைப் பின்னுங்கள். 6, 12, அப்படியே இரண்டு சுற்று 12, பஞ்சு வைத்து மறுபடி 6. ரிங், கூட்டல், நேர்ச்சுற்று, குறைத்தல் என்று உடம்புக்கு வேண்டிய எல்லாமே இந்த ஐந்து சுற்றுக்குள் கைக்குப் பழகிவிடும்.