ஊமத்தை இலையும் அப்பாவின் இரவுப் பேச்சும்

தங்கச்சி, உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது, தாவரச் சாறு விட்டதும் தட்டில் வளர்த்த மூளைக்கலங்கள் துடிப்பு அடங்கிச் செத்துவிட்டன என்று சொல்லும் அந்தக் காணொளியைப் பற்றிய பகுதியை அல்ல. நடுவில் போகிற போக்கில் எழுதிய இந்த வரியைத்தான்: “சில இரவுகளில் போர்வையைக் கிள்ளிக் கிள்ளி எடுக்கிறார், செத்துப்போன பெரியப்பாவோடு கதைக்கிறார், விடிந்தால் ஒன்றும் நினைவில்லை.”

அப்பாவுக்கு 67 வயது. தொய்வுக்கு (ஆஸ்துமாவுக்கு) கிளினிக்கில் தந்த, வாயில் அடிக்கிற பம்பை விட்டுவிட்டுக் காய்ந்த ஊமத்தை இலையைச் சுருட்டிப் புகைக்கிறார், அண்மையில் அவித்தும் குடிக்கிறார். தடிமனுக்கு ஃபாமசியில் வாங்கிய பிரிட்டன் (Piriton) என்ற ஒவ்வாமைக் குளிசை வேறு. இதெல்லாம் சேர்ந்தால் எனக்கு வருகிற முதல் சந்தேகம் ஊமத்தை நஞ்சு. பிரிட்டனும் ஓரளவுக்கு அதே வேலையைச் செய்கிற குளிசைதான், இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும்.

இன்றிரவு அப்படிப் பிதற்றினால் டோர்ச் அடித்துக் கண்ணைப் பாருங்கள். கருமணி விரிந்தபடியே இருக்கிறதா? அக்குளில் கை வையுங்கள். கச்சான் காற்று அடிக்கிற இந்த நாட்களில் நம் எல்லோருக்கும் அங்கே ஈரம் இருக்கும். அவருக்கு உடம்பு கொதித்து, அக்குள் காய்ந்து கிடக்கிறதா? மூத்திரம் போகாமல் அடிவயிறு வீங்கியிருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள், அல்லது ஓட்டோ பிடித்துக் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். நித்திரைக் குளிசை கொடுக்காதீர்கள். ஒன்றுமே இல்லையென்றாலும் நாளைக்குள் காட்டத்தான் வேண்டும். மூத்திரத்தில் கிருமி, இரத்தத்தில் உப்புக் குறைவு என்று இந்த வயதில் பிதற்றலுக்கு வேறு காரணங்களும் உண்டு.

இனி, அப்பாவுக்குப் பைத்தியம் பிடித்துவிடுமோ, மூளைக்கலம் செத்துவிடுமோ என்ற உங்கள் பயம். காணொளியில் பார்த்தது பொய்யல்ல, அதற்குக் கொடுத்த விளக்கம்தான் பொய். எலிக்குஞ்சின் மூளையிலிருந்தோ மனிதக் குருத்தணுக்களிலிருந்தோ நரம்புக் கலங்களை வளர்த்து, நுண்ணிய மின்வாய்கள் பதித்த தட்டில் வைப்பார்கள். சில வாரங்களில் அவை தமக்குள் மின்துடிப்பு அனுப்பத் தொடங்கும். தாவரச் சாற்றில் பிரித்தெடுத்த பொருளை விட்டுத் துடிப்பு கூடுகிறதா குறைகிறதா என்று எண்ணுவார்கள். துடிப்பு அடங்கினால் கலம் செத்தது என்று அர்த்தமில்லை. மருந்தைக் கழுவி எடுத்தபின் திரும்பத் துடிக்கிறதா என்று பார்ப்பதும் அந்தச் சோதனையில் ஒரு பகுதி. அதைத்தான் வீடியோக்காரர் வெட்டிவிட்டார் போலும்! அந்தத் தட்டுக்கு ஈரலும் இல்லை, சிறுநீரகமும் இல்லை, இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பும் இல்லை. அங்கே விடுகிற அளவு மனித மூளையில் ஏறுமா என்பது வேறு கேள்வி.

ஊமத்தையில் உள்ள நஞ்சுகளான அற்றோப்பினும் ஸ்கோபொலமீனும், நரம்புச் செய்தியைக் கொண்டுபோகும் அசெட்டைல்கோலின் உட்கார வேண்டிய கதிரையில் தாங்கள் போய்க் குந்திக்கொள்கின்றன. கலம் உயிரோடுதான் இருக்கும், செய்திதான் வந்து சேராது. அதனால்தான் ஆள் தடுமாறுவதும், வாயும் தோலும் காய்வதும், மூத்திரம் அடைபடுவதும். நஞ்சு இறங்க ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகலாம். இறங்கினால் பெரும்பாலும் பழைய அப்பா திரும்பி வருவார். ஆனால் இறங்கும்வரை இதயத்துடிப்பைக் கவனிக்க ஆள் வேண்டும், அது வீட்டில் முடியாது.

“இலை பிடித்தால் முட்டுக் குறைகிறதே” என்கிறாராம். குறையும்தான். 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பழக்கம் மதராஸிலிருந்து இங்கிலாந்து வரைக்கும் போனது. ஆனால் இலைக்கு இலை நஞ்சின் அளவு மாறும், எங்கள் வேலி ஊமத்தையில் யாரும் அளவு எழுதி ஒட்டவில்லை. அற்றோப்பினை மாற்றியமைத்துச் செய்த இப்றற்றோப்பியம் வைத்தியசாலையில் இருக்கிறது. மூச்சுக்குழாயை விரிக்கும், மூளைக்குள் ஏறாத அளவுக்கு அதைத் திருத்தியிருக்கிறார்கள். அது தேவையா, பழைய பம்பே போதுமா என்று கிளினிக்கில் சொல்வார்கள். இலையை மட்டும் இன்றே நிறுத்துங்கள்.

நீங்கள் கேட்ட மற்றவற்றுக்கும் சுருக்கமாகச் சொல்கிறேன்: வல்லாரைச் சம்பல் தாராளமாகச் சாப்பிடட்டும். கை விறைப்புக்குச் சீனி சோதியுங்கள். வெற்றிலை பாக்கு நரம்பைவிட வாயைத்தான் கெடுக்கும், ஆறாத புண் இருந்தால் காட்டுங்கள். எம்ஆர்ஐ ஸ்கானுக்கு இப்போது காசு கட்டாதீர்கள். வைத்தியசாலைக்குப் போகும்போது அவர் அவித்த இலையில் கொஞ்சமும், போடுகிற எல்லாக் குளிசை அட்டைகளும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.