பதில்: குடியாத்தத்திலிருந்து தெற்காசிய ஆய்வு, வீட்டில் பி.எட். போகச் சொல்கிறார்கள்

தம்பி, பி.ஏ. வரலாறு முடிக்கப்போகிறீர்கள், அப்பாவுக்குத் தெற்காசிய ஆய்வு (இந்தியா, இலங்கை, பாகிஸ்தான் போன்ற அண்டை நாடுகளின் வரலாறு, அரசியலைப் படிப்பது) என்றால் என்னவென்றே புரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை வேலூர் பாலாற்றங்கரையிலுள்ள முத்துமண்டபத்துக்கு அழைத்துப் போங்கள். அங்கே அடக்கமாகியிருப்பவர் இலங்கையின் கண்டி நாட்டுக் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். 1815இல் பிரிட்டிஷார் அவரைப் பிடித்தார்கள். மறு வருடம் நம்ம கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். 1832இல் சாகும்வரை இங்கேதான் கைதி. சிங்களவர் நாட்டை ஆண்டவர் நாயக்கர் வம்சத்தவர்! இது எப்படி நடந்தது என்று அப்பா கேட்டால், அதைத்தான் படிக்கப் போகிறேன் என்று சொல்லுங்கள்.

சரி, சேரும் விஷயம். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் தெற்காசிய ஆய்வு மையம் இருக்கிறது, டெல்லியைவிட வீட்டுக்குப் பக்கம். அங்கேயும் டெல்லி ஜே.என்.யூ.விலும் முதுகலைக்கு சியூஇடி பிஜி என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அறிவிப்பைத் தவறவிட்டால் ஒரு வருடம் போச்சு.

வேலை? உடனே கிடைக்கும் என்று பொய் சொல்லமாட்டேன். கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தகுதித் தேர்வில் பன்னாட்டு, பிராந்திய ஆய்வுகளுக்குத் தனிப் பாடம் உண்டு. யூபிஎஸ்சி முதன்மைத் தேர்விலும் வெளியுறவு வரும். அப்புறம், இப்போதே சிங்களம் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொள்ளுங்கள். நான் அரசியலை மட்டும் படித்து மொழியைத் தள்ளிப்போட்டேன். ஆய்வேட்டின்போது ஒவ்வொரு ஆவணத்துக்கும் அடுத்தவர் தயவை எதிர்பார்த்து நின்றேன். கொழும்பு நாளிதழ் வீரகேசரியைத் தமிழிலேயே படிக்கலாம், அதை இன்றே ஆரம்பியுங்கள்.