நகையை அடகு வைத்துக் கொடுக்கும் காணிக்கை

கேள்வி: மார்த்தாண்டம் அருகே வசிக்கிறேன். தனியார் பள்ளியில் மாதம் 28,000 ரூபாய் சம்பளம். மனைவியின் 12 பவுன் நகையும் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் மூன்று சீட்டுகளாக அடகில் இருக்கிறது. ஆலயக் கட்டுமானக் காணிக்கைக்காக 3 பவுனின் மேல் 80,000. மைத்துனர் வளைகுடா செல்வதற்காக 4 பவுனின் மேல் 1,20,000. அறுப்பின் பண்டிகையில் சபையார் படைக்கும் விளைபொருள்களை ஏலம் எடுக்கவும் பிற சபைக் காரியங்களுக்கும் வாங்கிய கைமாற்றை அடைக்க 5 பவுனின் மேல் 1,50,000. வட்டி 18 சதவீதம். ஆண்டுதோறும் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கிறேன். ஆலயத்துக்கு மேலும் 1,00,000 ரூபாய் தருவதாகப் பொருத்தனை (நேர்ந்துகொண்ட வாக்கு) செய்திருக்கிறேன். தங்கம் விலை ஏறியிருப்பதால் அதே நகைக்கு இன்னும் 1,50,000 தருவதாக நிறுவனத்தார் சொல்கிறார்கள். அதை வாங்கிப் பொருத்தனையை நிறைவேற்றி, மீதி 50,000 ரூபாயை உறவினர் ஒருவர் சொல்லும் பங்குச்சந்தை சார்ந்த காப்பீட்டுத் திட்டத்தில் போடலாமா? மகளின் கல்லூரிக்கென்று வைத்திருக்கும் 90,000 ரூபாய்தான் கையிருப்பு. அப்பா வைத்துப்போன 80 சென்ட் ரப்பர் தோட்டம் பால் வெட்ட ஆளில்லாமல் இரண்டு ஆண்டுகளாகக் கிடக்கிறது.

பதில்: அன்புச் சகோதரரே, அந்த 1,50,000 ரூபாயை வாங்காதீர்கள். அடகு வட்டி என்ன, காப்பீடு எதற்கு என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆகவே உங்கள் குடும்பத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒரே பழக்கத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். யார் கேட்டாலும், கையில் இல்லாத பணத்தை நகையை அடகு வைத்தாவது கொடுத்துவிடுகிறீர்கள். கேட்டது சபையா மைத்துனரா என்பது வட்டிக் கணக்குக்கு ஒன்றுதான்.

3,50,000 ரூபாய்க்கு 18 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 63,000, மாதத்துக்கு 5,250. சம்பளத்தில் நீங்கள் செலுத்தும் தசமபாகம் 2,800 என்று கொண்டால், ஆண்டவருக்குக் கொடுப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கை மாதந்தோறும் நிதி நிறுவனத்துக்குக் கொடுக்கிறீர்கள். 80,000 ரூபாய்க் காணிக்கைக்கு மட்டும் ஆண்டு வட்டி 14,400. ஐந்து ஆண்டுகள் இப்படியே போனால் 72,000 ஆகிவிடும். ஆலயத்துக்குச் சேராத இந்தப் பணத்தையும் உங்கள் மனம் காணிக்கைக் கணக்கிலேயே எழுதிவருகிறது என்று அஞ்சுகிறேன். கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய இரண்டாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரம், மனவிருப்பத்தோடு கொடுப்பது ஒருவனுக்கு உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும், இல்லாததின்படியல்ல என்று தெளிவாகச் சொல்லும்போது, கடன் வாங்கிக் கொடுப்பதே பெரிய விசுவாசம் என்ற எண்ணம் நம் சபைகளில் எப்படி வேரூன்றியது என்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

வழி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. பவுன் 70,000 ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். கையிருப்பு 90,000 ரூபாயில் முதல் சீட்டின் 80,000-ஐ அடைத்து 3 பவுனை மீட்டு விற்றால் 2,10,000 வரும். மிச்சமிருக்கும் 10,000-ஐயும் சேர்த்து 2,20,000. அதில் 1,20,000 கட்டி இரண்டாம் சீட்டின் 4 பவுனை மீட்டு, அவற்றில் 2 பவுனை மட்டும் விற்றால் கையில் 2,40,000 இருக்கும். மூன்றாம் சீட்டுக்கு 1,50,000 கட்டியபின் மகளுக்கான 90,000 அப்படியே திரும்பிவிடும். 7 பவுன் வீட்டுக்கு வந்துவிடும். கடன் ஒரு ரூபாயும் இராது. அதுவரை ஏறிய வட்டியும் நகைக்கடையில் கழிக்கும் சேதாரமும் சில ஆயிரங்கள் வேறுபாடு காட்டலாம். நகை உங்கள் மனைவியுடையது என்பதால் அவர் மனதார ஒப்பினால்தான் இதைச் செய்ய வேண்டும். விற்றால் ஊர் என்ன சொல்லும் என்று அவர் தயங்கினால், மாதம் 5,250 என்ற எண்ணைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். வேதாகமத்தில் எலிசா தீர்க்கதரிசியிடம் வந்த விதவைக்கும் கடன்தான் தொல்லை. உன் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டு, இருந்த எண்ணெயை விற்று முதலில் கடனைத் தீர், பின்பு மீந்ததில் பிழை என்றுதான் தீர்க்கதரிசி வரிசைப்படுத்தினார்.

தோட்டத்துக்கு வருகிறேன். 80 சென்டில் ஏறத்தாழ 150 மரங்கள் நிற்கும். ஒரு நாளில் 300 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடிய ஒருவர் 150 மரத்துக்காக மட்டும் வந்தால் அவருக்குக் கட்டுப்படியாகாது. உங்களுக்கு ஆள் கிடைக்காததன் காரணம் இதுவாகவே இருக்கும். பக்கத்துத் தோட்டக்காரரோடு சேர்ந்து ஒரே ஆளைப் பேசுங்கள். இல்லையேல் ரப்பர் வாரியம் தரும் பால்வெட்டுப் பயிற்சியைப் பெற்று, ஒன்றுவிட்ட நாளில் விடியற்காலை நீங்களே வெட்டலாம். ஆண்டுக்கு 400 கிலோ ஷீட் (பாலை உறையவைத்து உலர்த்திய ரப்பர் தகடு), கிலோ 180 ரூபாய் என்றால் 72,000. கூலியும் மற்றச் செலவுகளும் போக, பாதி நின்றாலும் 36,000. ரப்பர் விலை ஏறி இறங்கும் என்பதால் இதற்கு மேல் கணக்குப் போட வேண்டாம். மரங்கள் இலை உதிர்த்துத் தளிர்க்கும் தைக்குப் பிந்தைய மாதங்களில் தேன்பெட்டி வைக்க எவரேனும் இடம் கேட்டால் கொடுங்கள், அல்லது நீங்களே இரண்டு பெட்டியில் தொடங்குங்கள். 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் ஊழியர்கள் நம் முன்னோருக்குத் தேனீ வளர்ப்பைக் கற்றுத்தந்தது, இருக்கிற சிறு நிலத்தையும் உழைப்பையும் கொண்டு ஏழைக் குடும்பம் நிமிர வேண்டும் என்ற அதே விசுவாசத்தினால்தான்.

பொருத்தனையை மீற வேண்டியதில்லை. வட்டியில் மிச்சமாகும் 5,250 ரூபாயில் மாதம் 2,000 வீதம் 50 மாதங்களில் செலுத்துகிறேன் என்று சபைக் கமிட்டிக்கு எழுதிக் கொடுங்கள். கமிட்டி இதை ஏற்கும் என்று நம்புகிறேன். பண்டிகை ஏலத்தில் கடன் பணத்தைக் கொண்டு விலை கூட்டுவதை நிறுத்திவிட்டு, உங்கள் தோட்டத்து ஷீட்டையோ பலாப்பழத்தையோ முதற்பலனாகக் கொண்டுவாருங்கள். மைத்துனர் வளைகுடாவில் சம்பாதிக்கத் தொடங்கிவிட்டாரா என்று நீங்கள் எழுதவில்லை; தொடங்கியிருந்தால் மாதம் 5,000 வீதமாவது அனுப்பச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி இரண்டே வரிகள். நிச்சயமாக 18 சதவீதம் வட்டி கட்டும் கடனை வாங்கி, நிச்சயமில்லாத வருமானத்துக்காக, ஐந்து ஆண்டுகள் எடுக்க முடியாதபடி பணத்தைப் பூட்டிவைப்பதை எந்தக் கணக்கும் நியாயப்படுத்தாது. உங்கள் உயிருக்குக் காப்பீடு தேவைதான். அதை முதிர்வுத் தொகை எதுவும் இல்லாத எளிய ஆயுள் காப்பீடாக, கடன் தீர்ந்தபின் எடுங்கள். முதலில் மூன்று சீட்டுகளின் தவணைத் தேதிகளைப் பார்த்து, அடுத்த வட்டி விழும் முன்னரே 80,000 ரூபாய்ச் சீட்டை மீட்டுவிடுங்கள்.